படகுக்குள் தண்ணீர் ஊற்றியவர்

படகு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் படகுக்குள் இருக்கக் கூடாது. படகைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தமே அவ்வளவுதான். அந்த ஒன்றையும் என் எதிர்வீட்டுக்காரர் கலைத்துப் போட்டுவிட்டார்.

நல்ல கோடைக் காலம். லோடு இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்காக என் மினி லாரியைத் தெருவுக்குள் திருப்பினால், அவர் வாசலில் டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளை ஃபைபர் படகுக்குள் பச்சை ஹோஸ் பைப் ஒன்று போயிருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். குடிதண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்ற பெண்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. கும்மிடிப்பூண்டியில் கோடையில் தண்ணீரை வீணாக்குகிறவனுக்கு எங்கள் தெருவில் மன்னிப்பே கிடையாது.

"இன்னாணா பண்றீங்க?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டேன்.

"டெஸ்ட்டு, நைனா."

"படகு உள்ளயா தண்ணி ஊத்துவாங்க?"

"உள்ள நின்னா வெளியவும் நிக்கும்" என்றார். படகின் வயிற்றுக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு பக்கம் யோசித்தால் அவர் சொல்வது சரி. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வராவிட்டால் வெளியே இருக்கும் தண்ணீர் மட்டும் எப்படி உள்ளே வரும்? இன்னொரு பக்கம் யோசித்தால், படகுக்கு உள்பக்கம் தண்ணீர் ஊற்றிய ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நான் இப்படியும் அப்படியும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டை டமார் என்று முறிந்தது.

நல்லவேளை, அதற்குள் அவர் படகின் பின்பக்கம் போயிருந்தார். படகு என் வீட்டுக் கேட் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையும் விளிம்பு வழியாக என் வாசலில் கொட்டியது. என் செருப்புகள் மிதந்து போயின. பெண்கள் திட்டுவதை நிறுத்திவிட்டு ஓடிவந்து குடங்களை ஏந்தினார்கள். அவர் மட்டும் அசையவில்லை. படகின் பின்பலகையில், எஞ்சின் மாட்டுகிற இடத்துக்குக் கீழே, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்து நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

"பாரு நைனா, வேர்க்குது."

குனிந்து பார்த்தேன். வட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு சொட்டு துளிர்த்து நின்றது. பிறகு அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த மரம் ஊறிப்போய் விரலால் பிய்த்தால் பிய்ந்தது. அப்படியே எஞ்சினை மாட்டி ஏரியில் விட்டிருந்தால் எஞ்சின் ஒரு பக்கமும் படகு ஒரு பக்கமும் போயிருக்கும். ஆக, அவர் செய்தது சரி. ஆனால் டிரெய்லரை முறித்தது தப்பு. சரியும் தப்பும் ஒரே காரியத்தில் இருந்தால் அந்த ஆளைப் பாராட்டுவதா திட்டுவதா? என் மனைவிக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவள் திட்டினாள்.

அவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். சிப்காட்டில் தொட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் அவர் வேலை செய்தார். ரசாயனம் ஊற்றி வைக்கிற பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள். செய்து முடித்த தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எந்த வெல்டிங்கிலாவது கசிகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கசிந்த இடத்தில் மஞ்சள் வட்டம் போடுவார். எங்கும் கசியவில்லை என்றால் தொட்டியின் நெற்றியில் 'OK' என்று எழுதுவார். அந்த இரண்டு எழுத்து விழாமல் எந்தத் தொட்டியும் வண்டி ஏறாது.

நான் அந்தத் தொட்டிகளில் சின்னவற்றை ஏற்றப் போகிறவன். எனவே அவருக்காகக் காத்திருந்தே எனக்குப் பாதி வயசு போயிற்று. மற்ற இடங்களில் டெஸ்ட் என்றால் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், முடித்துவிடுவார்கள். இவர் சுற்றிச் சுற்றி வருவார். உட்கார்ந்து பார்ப்பார், நின்று பார்ப்பார், டீ குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து பார்ப்பார். டிரைவர்கள் அவர் காது படவே திட்டுவார்கள். அவருக்குக் கோபமே வராது.

"ஏத்தினப்புறம் ஒழுகிச்சின்னா அப்ப யார திட்டுவ நைனா? இப்பவே திட்டிடு" என்பார்.

வேலையில் அப்படி இருந்தால் சரி என்று விட்டுவிடலாம். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரக் கடையில் குடம் வாங்கினால் அங்கேயே தண்ணீர் பிடித்து, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்துவிட்டு, கடைக்காரரோடு நாட்டு நடப்பு பேசிக்கொண்டு உட்காருவார். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், எல்லோரும் பந்தியில் இருக்கும்போது மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். அது கசியவே இல்லை. "இன்னும் கசியல" என்றார். அந்த வட்டத்துக்கு மேல் நான் பெயிண்ட் அடித்துவிட்டேன். ஆனாலும் மாடிக்குப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

அவர் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். கரும்பும் நெல்லும் தெரியும். கடல் தெரியாது, நீச்சல் தெரியாது. சின்ன வயதில் அவர் ஊர் ஏரியில் தண்ணீர் இருந்ததைவிட அவர்கள் கிரிக்கெட் ஆடியதுதான் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்குப் படகு எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதிலை அவரிடமிருந்து வாங்க முடியாமல், கடைசியில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள்.

அக்கா பிறந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கு நடுவே ஒரு திட்டில் இருக்கிறது. ரோடு கிடையாது, படகில்தான் போக வேண்டும். அந்த ஊருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டியபோது அதைச் சோதித்துப் பார்க்கப் போனவர்தான் இவர். போன இடத்தில் இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. வேறு ஆள்கள், வெளியூர் ஆள் என்று அண்ணன்மார் குதித்தார்கள். அக்கா கிளம்பி வந்துவிட்டார். கரை வரை துரத்திக்கொண்டு வந்த பெரிய அண்ணன், "இனிமே எங்க படகுல உனக்கு எடம் கெடையாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் எல்லாப் படகும் சொந்தக்காரர்களுடையது. எல்லாப் படகிலும் இடமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

"எங்க ஊட்டுக்காரரு படகுல வர்றேன், பாத்துக்கினே இரு" என்று அக்காவும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. அதற்கப்புறம் பெரிய அண்ணனும் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த வார்த்தை மட்டும் அப்படியே இருந்தது. அக்காவின் அம்மா நண்டு விற்கக் கரைக்கு வருவார், அங்கே வைத்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து படகேற முடியாமல் போனதும் அதுவும் நின்றது. அப்போதுதான் இவர் படகு தேட ஆரம்பித்தார்.

காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக வேலையாக வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி, மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போக நினைத்த படகு அது. விடுமுறை நாளில் டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு போய், தண்ணீரில் இறக்கி, தூண்டில் போட்டு, குடும்பத்தோடு சுற்றிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டு வருகிற படகு. பக்கவாட்டில் தூண்டில் கழி செருகி வைக்கக் குழல்கள் இருந்தன. படகை இழுத்து வர என் வண்டி வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். வழியெல்லாம் வாங்குவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே வந்தார். நானும் ஏதேதோ சொன்னேன். படகு வாங்குகிறவருக்கு யோசனை சொல்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே போனதும் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து ஸ்பேனர் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தால் படகு முழுக்கத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அந்த அதிகாரி படகின் பின்னால் அடியில் இருந்த ஓட்டை ஒன்றைக் காட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை பிளக்கை இவர் கையில் கொடுத்தார். தரையில் நிற்கும்போது அதைக் கழற்றி வைத்தால் மழைத் தண்ணீர் வடிந்துவிடுமாம், ஏரியில் இறக்குவதற்கு முன்னால் திருகி மூடிவிட வேண்டுமாம். அதுதான் முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார். இவர் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து மரையைப் பார்த்தார். ஓட்டையோடு ஒரு படகை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அந்த பிளக்கை மாட்டி வைத்துத்தான் வாசலில் தண்ணீர் நிரப்பினார். டிரெய்லர் முறிந்த பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டார். பிறகு அதை நான் மறந்தே போனேன்.

மரத்தை மாற்றினார். டிரெய்லருக்குப் புது ஸ்பிரிங் பட்டை, புது பேரிங். வெயிலுக்குக் குழாய் வளைத்துக் கூரை போட்டார். மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைக் கழற்றி எறியச் சொன்னேன். "அவங்க அம்மா மீன் குடுத்தா எதுல கொண்டாற்து?" என்றார். மாமியார் படுத்தபடியே வருவதற்கு ஒரு நீளமான பெஞ்சு, அதற்கு மெத்தை. முட்டி வலிக்காமல் ஏறுவதற்குத் தாழ்வான படி. அந்தப் படியில் எங்கள் தெருவில் முட்டி வலி உள்ள எல்லாப் பெண்களையும் ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். லைஃப் ஜாக்கெட்டைச் சோதிக்க, அக்காவின் எடைக்கு ஒரு கோணியில் மணல் அள்ளி, அதற்கு ஜாக்கெட்டை மாட்டித் தன் வீட்டுத் தரைத்தொட்டியில் போட்டார். கோணி எத்தனை கிலோ என்று தெருவே கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா அன்றைக்கெல்லாம் அவரோடு பேசவில்லை.

எஞ்சினை டிரம் தண்ணீரில் முக்கி ஓட்டியபோது கிளம்பிய புகையில் என் மனைவி காயப்போட்ட துணியெல்லாம் பெட்ரோல் வாசம். தூண்டில் குழல் சும்மா இருப்பானேன் என்று கழி ஒன்றும் வாங்கி, டிரெய்லர் மேல் நின்ற படகில் உட்கார்ந்தபடி வீசிப் பழகினார். எனக்குத் தெரிந்து அந்தத் தூண்டிலில் அவர் பிடித்தது என் லுங்கியை மட்டும்தான்.

"எங்க ஊர்ல வலை போடுவாங்க. இந்த மாதிரி குச்சிய புட்ச்சிக்கினு குந்தினா சிரிப்பாங்க" என்றார் அக்கா, வாசலில் நின்று.

"சிரிக்கட்டும்" என்றார் அவர்.

இப்படியாக ஆயுத பூஜையும் வந்தது. தெருவில் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது படகுக்கும் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைப்பதா, படகுக்கு அடியில் வைப்பதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எல்லாம் முடிந்து எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பையில் கையை விட்டார். சாக்பீஸோடு ஏதோ ஒன்று உரசுகிற சத்தம் கேட்டது. இதோ எழுதப் போகிறார் என்று நினைத்தேன். கையை வெறுமனே வெளியே எடுத்து, "இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அது என் படகில்லை, என் மாமியாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தம்பி போன் செய்தார். அம்மா கீழே விழுந்துவிட்டது, படுக்கையில் இருக்கிறது, உன்னையே கேட்கிறது, நானே படகு கொண்டுவருகிறேன் வா என்று கூப்பிட்டார். அக்கா வாசலில் நின்று ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது.

"வர்றேண்டா. இந்த ஆளு டெஸ்ட்டே முடிக்கமாட்டேங்குறாரு, நான் இன்னா பண்றது? பேஜாரா இருக்குது" என்றார் அக்கா. குரலில் அத்தனை சலிப்பு.

அதற்கப்புறமும் அதே கதை. போன் வரும். அக்கா சலித்துக்கொள்வார். இவர் படகைச் சுற்றி வருவார். மழைக்காலம் வந்தது, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. ஓட்டையை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் நான் கத்தியே விட்டேன்.

"இன்னாணா நீங்க? அந்த அம்மா உயிரோட இருக்கறப்பவே இட்டுக்கினு போய் காட்டுங்க. செத்தப்புறம் போய் இன்னாத்த டெஸ்ட் பண்ணுவீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பார்வை என்னைத் தாண்டி அவர் வீட்டு ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"ஆவட்டும் நைனா" என்றார்.

அன்று மாலை அக்கா கருவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கத்தியது கேட்டிருக்கும். கணவர் பக்கம் நின்று பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அக்கா சிரித்தார்.

"எங்க ஊரு தொட்டி கத தெரியுமா உனுக்கு? அத டெஸ்ட் பண்ண மொத நாளே முடிஞ்சிடுச்சி. ஒரு சொட்டு ஒழுகல. இவரு ஒழுகுது ஒழுகுதுன்னு சொல்லிக்கினு மாசக்கணக்கா வந்தாரு. தெனம் ஒரு வட்டம். எங்க ஊரு ஜனம் குடிக்கத் தண்ணி இல்லாம இவர திட்டிக்கினு கெடந்தாங்க."

"அப்ப பொய் சொன்னாரா?"

"பின்ன? வேல முடிஞ்சா கெளம்பணுமே."

கருவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டெஸ்ட் என்றால் உயிரையே விடுகிற மனிதர் பொய்யாக டெஸ்ட் செய்தார் என்றால், இப்போது செய்வது எது? நிஜமா, பொய்யா? மனைவியை அந்த ஊருக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார் என்று பயமா? தண்ணீரைக் கண்டு பயமா? எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு உதைத்தது. என் மனைவியிடம் கேட்டேன். சாதத்தை வடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள், சொல்லவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு காலை. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் போன் அடித்தது, நின்றது. அக்கா வெளியே வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். படகுக்கு அருகில் நின்ற கணவரின் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு மஞ்சள் சாக்பீஸை எடுத்தார். படகின் மூக்கில், எட்டிய உயரத்தில், பெரிதாக 'OK' என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

"அம்மா சாப்பிடறத நிறுத்திடுச்சாம்" என்று அவரிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, "தம்பி, வண்டிய எடு" என்றார்.

அவர் உடனே உள்ளே போய் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வந்தார். நான் டிரெய்லரை மாட்டினேன். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அக்கா மடியில் ஒரு தூக்குப் பாத்திரம், அம்மாவுக்கு ரசம் சாதம்.

எளாவூர் செக்போஸ்ட்டில் கொல்கத்தா போகிற லாரிகள் வழக்கம்போல் வரிசைகட்டி நின்றன. படகைப் பார்த்ததும் டிரைவர்கள் இறங்கி வந்து போனில் படம் எடுத்தார்கள். "அண்ணே, அந்தாண்ட ஆந்திராவுல வெள்ளமா?" என்று ஒருவன் கேட்டான். வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று முடியவில்லை. ஹைவேயை விட்டுக் கிழக்கே திரும்பினோம். உப்புக் காற்று வர ஆரம்பித்ததும் அக்காவின் கை தூக்குப் பாத்திரத்தின் பிடியை இறுக்கிக்கொண்டது. பயப்படுகிறாரே என்று அப்போதுதான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது. அவர் தன் கையை அந்தக் கைமேல் வைத்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கரையில் தம்பி தன் படகோடு வந்து நின்றிருந்தார்.

"அக்கா, எங்க படகுலயே வாக்கா. அதெல்லாம் பழைய கத. எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரரு படகு இருக்குது" என்றார் அக்கா.

டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளினேன். கயிற்றைத் தளர்த்தியதும் படகு வழுக்கிக்கொண்டு போய் ஏரியில் உட்கார்ந்தது. மிதந்தது! நான் வண்டியிலிருந்து கத்தினேன். தெருவில் அத்தனை நாள் என் கேட்டை மறித்துக்கொண்டு நின்ற சனியன் இத்தனை லேசாக ஆடும் என்று யார் கண்டது? அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவில் ஏறினார். மாமியாருக்காகச் செய்த படியில் அவர் கால் படவே இல்லை.

"மாமா! தண்ணி ஏறுது மாமா!" என்று தம்பி அலறினார்.

பின்பக்கம் படகுக்குள் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் அந்த பிளக்கின் ஞாபகம் வந்தது. எத்தனை சுற்றுச் சுற்றினார், எத்தனை வட்டம் போட்டார், இதை விட்டுவிட்டாரே!

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த அவர் சட்டைப் பையில் கையை விட்டார். தேடவில்லை, துழாவவில்லை. பித்தளை பிளக்கை எடுத்தார். படகின் பின்னால் போய், தண்ணீருக்கடியில் கையை விட்டுத் திருகினார். தண்ணீர் நின்றது. அக்கா பிளாஸ்டிக் மக்கால் உள்ளே இருந்ததை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அப்போதே விசித்திரமாக இருந்தது.

"ஏறுய்யா" என்றார்.

"நான் கரையிலயே நிக்கிறேன். டெஸ்ட் பண்றவன் வெளியதான் நிக்கணும்."

"நின்னது போதும். ஏறு. நீ இல்லாம அந்த ஊட்ல நான் எப்படிப் போய் நிப்பேன்?"

படியைப் பிடித்துத் தடுமாறி ஏறினார். மாமியாருக்குச் செய்த பெஞ்சில் உட்கார்ந்து அதன் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா எஞ்சினைத் தட்டிவிட்டு நின்றபடியே படகைத் திருப்பினார். கருவேப்பிலை கேட்டு வருகிற எதிர்வீட்டு அக்காவா அது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. படகு சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வெறும் டிரெய்லரைக் கரையேற்றினேன்.

மறுநாள் போய் அழைத்து வந்தேன். பெஞ்சில் அந்த அம்மா படுத்திருந்தார். ரசம் சாதம் சாப்பிட்டாராம். எங்கள் எதிர்வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். ஐஸ் பெட்டி நிறைய நண்டும் வந்தது, எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் நான் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏண்ணா, அந்த பிளக்க பாக்கெட்லயே வெச்சிக்கினு இருந்தீங்க?"

"கீழ வெச்சா தொலஞ்சிடும் நைனா" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் இருவரும் ஏரிக்கரைப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவர்களைப் பார்த்து வெகுநாளாகிறது. சாமான் ஏற்றிய அன்று படகையும் நான்தான் இழுத்துப் போனேன். அவர் பின்னால் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக் கூடையோடு வந்த அக்காவிடம், அவர் காதில் விழாமல் கேட்டேன்.

"அக்கா, அந்த பிளக்கு அவரு பாக்கெட்லயே இருந்துதே. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"சட்ட தொவைக்கறது யாரு? தெனம் எடுத்து வெச்சிட்டு, சட்ட காஞ்சப்புறம் திரும்ப அதே பாக்கெட்ல போடறது நான்தான்."

"அப்ப ஏங்க்கா அவர கேக்கல? அத்தினி நாளு தெருவே அவர திட்டிச்சி. நீங்களும் திட்டினீங்க."

அக்கா பின்னால் திரும்பி, கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாரு தம்பி. அப்ப நான் போயாவணுமே."

கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னார்.